கதை நடத்துகிறவன் கையில் பகடை

கதை எழுதுகிறவன் சௌகரியமான ஆசாமி. தன் அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, யாரைக் கொல்லலாம், யாரைப் பிழைக்க வைக்கலாம் என்று தீர்மானிக்கிறான். எழுதியது பிடிக்கவில்லை என்றால் நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதுகிறான். கிழித்த பக்கத்தில் செத்துப்போனவள் மறுபடி எழுதின பக்கத்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

கதை நடத்துகிறவன் பாடு வேறு. அவனுக்கு எதிரே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லும் உரிமை அவரவருடையது. ஒருவர் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடுகிறது. கிழித்துப் போடக் காகிதம் இல்லை.

இப்படிக் கதை நடத்துவதையே ஒரு விளையாட்டாக ஆடுகிறார்கள் என்பது வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் உலகமாக இருக்கிறார். ஊர், ஆறு, மழை, பகைவன், வழிப்போக்கன் எல்லாம் அவர்தான். ஆங்கிலத்தில் அவரைக் 'கேம் மாஸ்டர்' என்கிறார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். "ஆற்றங்கரையில் நிற்கிறீர்கள், இருட்டிவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று உலகம் கேட்கிறது. அவர்கள் சொல்கிறார்கள். சொன்னது கைகூடுமா கூடாதா என்பது சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை உருட்டிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

இதன் வம்சாவளி யுத்த சாஸ்திரத்தில் தொடங்குகிறது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற இராணுவ அதிகாரி, படத்தை விரித்துப் படைகளை நகர்த்திப் பகடை உருட்டி யுத்தம் பழகும் விளையாட்டு ஒன்றுக்கு 1824-ல் விதிகள் வெளியிட்டார். தகப்பனார் தொடங்கியதை மகன் செம்மைப்படுத்திய காரியம் அது. இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் உண்டு. நாளடைவில் விதிகள் கனத்துப் போயின. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, பட்டியல்களையும் பகடையையும் ஓரமாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதினார். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1971-ல், அமெரிக்காவில் டேவ் ஆர்னசன் என்பவர் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டைப் படைத்து, ஆளுக்கு ஒரு படையைத் தராமல் ஆளுக்கு ஒரு பாத்திரத்தைத் தந்து ஆட வைத்தார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். முதல் தடவை அச்சானவை 1000 பெட்டிகள். இன்று இந்த ஆட்டம் உலகமெல்லாம் பரவிவிட்டது.

பரவிய அலையில் ஒரு துளி எங்கள் பக்கத்திலும் தெறித்திருக்கிறது. சமீபத்தில் இப்படி இரண்டு ஆட்டங்களைக் கூட இருந்து பார்த்தேன். ஒன்று பெரம்பலூரில், மற்றொன்று அரியலூரில். நாடகம் பார்த்துவிட்டு வந்தவன் நாடகத்தைப் பற்றி எழுதுவதுபோல, இரண்டையும் பற்றி என் அபிப்பிராயத்தை எழுத விரும்புகிறேன்.

பெரம்பலூரில் நடத்தியவர் பேச்சில் மன்னர். கதைக்களம் ரஞ்சன்குடிக் கோட்டை. காலம் 1751. அந்த வருஷம் முகமது அலியும் ஆங்கிலேயரும் ஒரு பக்கமும், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மறுபக்கமுமாக நின்று வாலிகண்டபுரத்துப் பக்கத்தில் போரிட்டது சரித்திரம். கோட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆடினவர்கள் நாலு பேரும் தூதர்கள். அந்த மனிதர் கோட்டையை வர்ணித்த அழகை இன்னொரு தரம் கேட்கலாம். அகழியில் கிடந்த தண்ணீரின் வாடை, மதில்மேல் காவல்காரன் இருமுகிற சப்தம், பந்தத்தின் எண்ணெய் தீர்ந்து திரி கருகுவது எல்லாம் கண் முன்னால் வந்தன. எழுதுகிறவனுக்குப் பொறாமை உண்டாக்கும் நாக்கு.

ஆனால் அவர் கையில் இருபது பக்கம் எழுதின நோட்டு ஒன்று இருந்தது. அதில் தூதர்கள் பிடிபட வேண்டும், கோட்டைத் தலைவன் முன்னால் நிற்க வேண்டும், அவன் ஒரு பிரமாதமான பிரசங்கம் செய்ய வேண்டும் என்று இருந்தது. தூதர்களோ பிடிபட விரும்பவில்லை. வாசல் வழியாகப் போகலாம் என்றார்கள். அங்கே காவல் இருந்தது. பின்பக்க மதிலில் கயிறு கட்டி இறங்கலாம் என்றார்கள். அங்கேயும் காவல் முளைத்தது. பிணம்போலக் கிடந்து பாடையில் வெளியேறலாம் என்று ஒரு பெண் அருமையான யோசனை சொன்னாள். பாடையையும் நிறுத்திச் சோதித்தார்கள். எந்தப் பாதையில் போனாலும் அந்தப் பிரசங்கத்தில்தான் போய் முடிந்தது.

இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது பகடை விஷயம். தமக்கு முன்னால் ஒரு அட்டையை மடித்து நிறுத்தி, அதற்குப் பின்னால் அவர் பகடை உருட்டினார். இருபது முகமுள்ள பகடை. ஒவ்வொரு முகமும் விழ இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. மதிலிலிருந்து ஒரு தூதன் கை நழுவி விழுந்தபோது, அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது. நடத்துகிறவர் எட்டிப் பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "பிழைத்துக்கொண்டாய், வைக்கோல் போரில் விழுந்தாய்" என்றார். வைக்கோல் போர் அதுவரை அந்தக் கோட்டையில் இல்லை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆட்டத்தில் ஒரு மாறுதல் வந்ததைக் கவனித்தேன். அதுவரை "மதில் எவ்வளவு உயரம்? காவல்காரன் எந்தப் பக்கம் பார்க்கிறான்?" என்று கேட்டவர்கள், கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கோட்டையைப் பார்ப்பதை விட்டு நடத்துகிறவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் சாக விடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே பயம் போயிற்று. அவர் தப்பவும் விடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே ஆசையும் போயிற்று. கடைசியில் அந்தப் பிரசங்கம் வந்தது. நல்ல பிரசங்கம். கேட்டவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அரியலூரில் நடத்தியவன் என் மருமான், தங்கை பிள்ளை. பேச்சில் சாமர்த்தியம் போதாது. அவன் கதையில் வரும் கிழவரும் குழந்தையும் கணக்குப்பிள்ளையும் ஒரே குரலில் பேசினார்கள். முதல் ஒரு மணி நேரம் இழுத்தது. மேசை விளையாட்டு என்று பெயரே தவிர மேசை கிடையாது. எல்லாரும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருபது முகப் பகடையும் கிடையாது. வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்துக்கொண்டார்கள்.

தாயக்கட்டையின் கணக்கு நம் வீட்டுப் பெண்களுக்குப் பாடம். கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் மொட்டை. இரண்டு கட்டை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நாலும் மறு ஆட்டம் தரும் எண்கள். பதினாறில் ஆறு தடவைதான் அவை விழும். மற்றப் பத்துத் தடவை இரண்டோ மூன்றோ நாலோதான். அந்தப் பையன்கள் விதியை இப்படி வைத்துக்கொண்டார்கள்: ஆபத்தான காரியத்தில் மறு ஆட்டம் தரும் எண் விழுந்தால் ஜயம், மற்றது விழுந்தால் தோல்வி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தாயம் விழாமல் கட்டத்துக்கு வெளியே காயை வைத்துக்கொண்டு தவித்தவர்களுக்கு இந்த எண்களின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கதை கொள்ளிடக் கரையில், திருமழபாடிப் பக்கம், பாலம் வராத காலத்தில். நடு ராத்திரி, ஆற்றில் வெள்ளம். இக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை. மருத்துவச்சி அக்கரையில். ஆடினவர்களில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் ஓடக்காரர் வேஷம் எடுத்திருந்தார். வாய் திறந்து அதிகம் பேசாத ஒரு கல்லூரிப் பெண், பிள்ளை பெறாத ஓர் அத்தை வேஷத்தில் இருந்தாள். ஓடக்காரர் நான் போய் மருத்துவச்சியை அழைத்து வருகிறேன் என்றார்.

மருமான் கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அதே தட்டையான குரலில் சொன்னான்: "அண்ணே, ஆறு மணிக்கு ஒரு முழம் ஏறுது. விழுந்தா அக்கரை போய்ச் சேருவீங்க. விழலேன்னா ஓடம் கவிழும், நீங்களும் போயிடுவீங்க. காலையில தண்ணி வடியும், அதுவரைக்கும் காத்திருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு தாங்குமான்னு தெரியாது. போறீங்களா?"

அவர் கட்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். "என் ஓடம் தம்பி. நான் போறேன்" என்றார். கட்டைகள் தரையில் கணகணவென்று உருண்டன. ஒன்றும் ஒன்றும், இரண்டு.

வைக்கோல் போர் வரவில்லை. மிதந்து வந்த மரக்கிளை கைக்கு அகப்படவில்லை. "ஓடம் கவிழ்ந்துடுச்சு" என்றான் மருமான். அறையில் சற்று நேரம் சப்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண், தன் பாத்திரத்தின் வாயால், "வெந்நீர் போடுங்க. நான் உள்ளே போறேன்" என்றாள். அவள் கட்டை உருட்டியபோது ஐந்து விழுந்தது. பிள்ளை பிறந்தது. ஆலைக்காரர் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் கரையில் ஒதுங்கின துடுப்பைத் தேடிக்கொண்டு வந்த ஓடக்காரர் மகனாக மறுபடி ஆட்டத்துக்குள் வந்தார். அந்தப் பையன் இனித் துடுப்பைத் தொடுவானா மாட்டானா என்பதைப் பற்றி அவர்கள் பேசிய பேச்சு, நான் அண்மையில் படித்த பல சிறுகதைகளைவிட மேலாக இருந்தது.

பெரம்பலூர்க்காரருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதனால் கதை கெட்டது என்று இதற்குக் காரணம் சொல்லத் தோன்றும். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். முடிவு தெரிந்த கதையைத்தான் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக விடிய விடியக் கண் விழித்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரியும் கூத்து ஆடும் ராத்திரி, அவள் மானம் காப்பாற்றப்படும் என்று தெரியாத குழந்தைகூடக் கூட்டத்தில் இல்லை. இருந்தும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கட்டியங்காரன் நடுவில் வந்து கேலி பேசி, ராஜா வருகிறார் என்று முன்னறிவிப்புச் செய்து, கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கிறான். அவன் எதையும் ஒளிப்பதில்லை.

ஸ்பெஷல் நாடகம் இன்னும் நெருங்கின உதாரணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களுக்கு, நடிகர்களைத் தனித்தனியே பேசி வரவழைக்கிறார்கள். வேறு வேறு ஊர்க்காரர்கள், ஒத்திகை கிடையாது, மேடையில் வந்து சேருகிறார்கள். வள்ளி முருகனைத்தான் மணப்பாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும்போது, இன்றைக்கு யார் யாரை மடக்குவார்கள் என்பது நாரதருக்கும் தெரியாது, வள்ளிக்கும் தெரியாது. முடிவைக் கட்டிப்போட்டுவிட்டு நடுவை அவிழ்த்து விடுகிறார்கள். ஜனங்கள் அந்த நடுவுக்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே முடிவை வைத்துக்கொண்டு கதை நடத்துவது குற்றமில்லை. "நீங்கள் பிடிபட்டுவிட்டீர்கள்; கோட்டைத் தலைவன் முன்னால் நிற்கிறீர்கள்; இங்கிருந்து கதை தொடங்குகிறது" என்று பெரம்பலூர்க்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஒருவரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, எங்கேயும் போகவிடாமல் செய்ததுதான் குற்றம். பகடை தீர்மானிக்கும் என்று சொல்லிவிட்டுத் தாமே தீர்மானித்தது அதைவிடப் பெரிய குற்றம். கூத்தில் பார்க்கிறவர்களிடம் பகடையைக் கொடுத்து உருட்டச் சொல்வதில்லை. வெர்டி சொன்ன நடுவரும் பகடையைத் தொடுவதில்லை. நானே தீர்ப்புச் சொல்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சொல்கிறார். இவை எல்லாம் யோக்கியமான வழிகள். உருட்டுவதுபோல் உருட்டிவிட்டு, விழுந்ததை மறைத்து, வேண்டியதைச் சொல்வதற்கு நம் நாட்டில் ஒரு பழைய உதாரணம் உண்டு. அவர் பெயர் சகுனி. சகுனி தம் பக்கம் ஜயிப்பதற்காகச் செய்தார். இவர் கதை அழகாக இருக்கட்டும் என்று செய்தார் என்பது வித்தியாசம். எதிரே உட்கார்ந்து பணயம் வைத்தவனுக்கு இந்த வித்தியாசத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எதிர்க்கட்சிக்கும் பலமான வாதம் இருக்கிறது. கைகாக்ஸே 1979-ல் நடத்துகிறவர்களுக்காக எழுதிய கையேட்டில், வேண்டிய இடத்தில் பகடையைத் தள்ளிவைக்கும் உரிமை நடத்துகிறவருக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார். ஆசையாக வளர்த்த ஒரு பாத்திரம், தப்பு ஒன்றும் செய்யாமல், ஓர் எண்ணால் சாக வேண்டுமா என்று கேட்கிறார்கள். பொழுதுபோக்க வந்தவர்களை அழ வைப்பதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் உருட்டின பிறகு ஒளிப்பதில் இல்லை. உருட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. அந்தத் தூதன் சாகக்கூடாது என்றால், பகடையை எடுப்பானேன்? "கை நழுவிற்று, விழுந்தாய், கால் முறிந்தது" என்று சொல்லிவிட்டுப் போகலாமே. விழக்கூடிய இரண்டு பதிலில் ஒன்றை ஏற்க மனசு இல்லாத இடத்தில், கேள்வியே கேட்கக்கூடாது.

என் மருமான் செய்ததில் நான் மதிப்பது அந்த ஒன்றைத்தான். கட்டையைக் கொடுக்கும்போதே இன்னது கிடைக்கும், இன்னது போகும் என்று சொன்னான். காத்திருக்கவும் வழி உண்டு, அதற்கும் விலை உண்டு என்று சொன்னான். போகிறீர்களா என்று கேட்டான். அதற்குப் பிறகு ஓடக்காரர் செத்தது பகடையால் இல்லை, தன் தீர்மானத்தால். திரௌபதி சபையில் கேட்ட கேள்வி, பணயம் வைத்தவனுக்கு அதை வைக்கும் உரிமை இருந்ததா என்பது. இங்கே இருந்தது. தன் ஓடத்தை, தன் உயிரைத் தானே வைத்தார். அதனால்தான் அந்த மரணத்துக்கு ஒரு கௌரவம் வந்தது. பின்னால் அந்த அத்தை எழுந்து உள்ளே போனதற்கும் அதனால்தான் அர்த்தம் உண்டாயிற்று. ஓடக்காரரை ஒரு மரக்கிளை காப்பாற்றியிருந்தால் அவள் வாய் திறந்திருக்கமாட்டாள்.

அவனுடைய நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம்தான். கதை என்று ஒன்றுமே அதில் இல்லை. "மருத்துவச்சி: போன வருஷக் கூலி பாக்கி இருக்கிறது, கூப்பிட்டால் யோசிப்பாள்." "பெண்ணின் புருஷன்: ஊரில் இல்லை, ஏன் இல்லை என்பது அவன் தாய்க்குத் தெரியும்." "ஆறு: மணிக்கு ஒரு முழம்." இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி. ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை, ஒரு மனத்தாங்கல். ஆற்றுக்கு ஒரு வேகம். மற்றதை ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. கதை நடத்த ஆசைப்படும் இளைஞர்கள் இருபது பக்கம் எழுதுவதைவிட இந்தப் பன்னிரண்டு வரி எழுதப் பழகுவது நல்லது. நாவல் எழுத வருகிறவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாத்திரம் என்ன செய்யப்போகிறான் என்பதைவிட அவனுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு தொடங்கின நாவல்கள்தான் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன.

ஒரு வித்தியாசம் மட்டும் கடைசிவரை இருக்கும். நாவலில் நான் என் பாத்திரத்தைக் காப்பாற்றினால் அது என் உரிமை. வாசகர் தம் நேரத்தைத் தருகிறார்; தீர்மானத்தைத் தருவதில்லை. கொல்வதும் காப்பதும் ஆசிரியன்தான் என்று தெரிந்தே புத்தகத்தைப் பிரிக்கிறார். ஆட்டத்தில் உட்கார்ந்தவர் தம் தீர்மானத்தைத் தந்திருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு, அட்டைக்குப் பின்னால் வைத்து மாற்றுவதற்கு எந்தக் கலையின் பெயராலும் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

பெரம்பலூர்க்காரருக்கு அவருடைய நாக்கு யாராலும் கற்றுக்கொடுக்க முடியாத சொத்து. என் மருமான் பத்து வருஷம் பழகினாலும் அந்த மாதிரி ஒரு கோட்டையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தமாட்டான். ஆனால் அவரிடம் இல்லாதது ஒரே நாளில் வந்துவிடக்கூடிய விஷயம். முன்னால் நிறுத்திவைத்த அந்த அட்டையை மடித்துக் கீழே வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ரஞ்சன்குடி மதிலிலிருந்து ஒருவன் விழும்போது, பார்க்கிற எனக்கும் வயிற்றைப் பிசையும். அந்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் நான் பஸ் ஏறிப் போகத் தயார்.